ஒரே தேதி, வேறு நாள்



இன்று ஏப்ரல் 23. சித்திரை பிறந்து பத்தாம் நாள். காலண்டரில் தேதியைக் கிழிக்கும்போது கீழே பொடி எழுத்தில் ‘உலகப் புத்தக நாள்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தேதியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, ‘அதற்கென்ன, எளிய வேலைதானே’ என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் தேதி என்பது எவ்வளவு வழுக்கலான சரக்கு என்று தெரிந்தது.

பள்ளியில் எங்கள் ஆங்கில வாத்தியார் ஒரு செய்தியைச் சொல்லுவார். இங்கிலாந்தின் பெரும் நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும், ‘தோன் கிகோத்தே’ எழுதிய ஸ்பெயின் நாட்டு செர்வாண்டிஸும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று காலமானார்கள் என்பார். சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்து ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். எங்களுக்கும் புல்லரிக்கும். யுனெஸ்கோ 1995இல் இந்தத் தேதியைப் புத்தக நாளாக அறிவித்ததற்கு இந்த இருவரும் ஒரு காரணம். ஸ்பெயினில் 1930 முதலே ஏப்ரல் 23 புத்தகத் திருநாள். பார்சிலோனா தெருக்களில் அன்று ரோஜாவும் புத்தகமும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் விற்கும்.

வாத்தியார் சொன்னதில் தேதி சரி. நாள்தான் தப்பு.

ஜூலியஸ் சீசர் காலத்துக் காலண்டரில் ஒரு வருஷத்துக்கு முந்நூற்றறுபத்தைந்தேகால் நாள் என்று கணக்கு. உண்மையான வருஷம் அதைவிடச் சுமார் பதினோரு நிமிஷம் குறைவு. பதினோரு நிமிஷம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போனதில், பதினாறாம் நூற்றாண்டில் காலண்டர் பத்து நாள் பிசகிவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி அந்தப் பத்து நாளை வெட்டி எறியச் சொன்னார். கத்தோலிக்க ஸ்பெயின் உடனே கேட்டது. போப் சொல்லி நாங்கள் கேட்பதா என்று இங்கிலாந்து இருந்துவிட்டது, அதுவும் நூற்றெழுபது வருஷம்! 1752 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாளை 14ஆம் தேதி ஆக்கித்தான் அது வழிக்கு வந்தது.

ஆக, 1616இல் மாட்ரிட்டின் ஏப்ரல் 23 ஒரு சனிக்கிழமை. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏப்ரல் 23 ஒரு செவ்வாய்க்கிழமை. ஷேக்ஸ்பியர் கண்ணை மூடிய அன்று ஸ்பெயினில் மே மாதம் 3ஆம் தேதி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், செர்வாண்டிஸுக்குப் பத்தாம் நாள் காரியமே முடிந்திருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. செர்வாண்டிஸ் இறந்தது 23ஆம் தேதியே இல்லை; 22, வெள்ளிக்கிழமை. மறுநாள் அடக்கம் செய்தார்கள். மாட்ரிட்டின் பங்குக் கோயில் பேரேட்டில் பதிவானது அந்த அடக்க நாள். அதையே உலகம் பிடித்துக்கொண்டது. மனிதர் எப்படிப்பட்டவர் என்றால், லெபாண்டோ கடற்போரில் இடது கை வழங்காமல் போனவர், அல்ஜியர்ஸில் ஐந்து வருஷம் அடிமையாகக் கிடந்தவர். ஏப்ரல் 18 அன்று அவருக்கு இறுதிச் சடங்குக்கான எண்ணெய் பூசியாகிவிட்டது. 19ஆம் தேதி எழுந்து, தம் கடைசி நாவலுக்குச் சமர்ப்பண உரை எழுதியிருக்கிறார். அந்தத் தேதியை அவர் கையாலேயே போட்டிருக்கிறார். எனக்கென்னவோ, கொண்டாடுவதானால் 19ஆம் தேதியைக் கொண்டாடியிருக்கலாம் என்று தோன்றுகிறது. யார் என்னைக் கேட்டார்கள்!

ஷேக்ஸ்பியருக்குப் பிறந்த நாளும் ஏப்ரல் 23தான் என்பார்கள். அவர் பிறந்த தேதி எங்கும் பதிவில் இல்லை. 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் பெற்றார் என்று மட்டும் கோயில் பேரேட்டில் இருக்கிறது. அதிலிருந்து மூன்று நாள் பின்னுக்குப் போய் 23 என்று வைத்துக்கொண்டார்கள். அது இங்கிலாந்தின் காவலர் புனித ஜார்ஜின் திருநாளாகவும் அமைந்துவிட்டது வசதி.

இந்தக் காலண்டர் வெட்டில் வசமாகச் சிக்கிக்கொண்டவர் வேறொருவர். அவிலா நகர் புனித தெரேசா. அவர் இறந்தது 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு. மறுநாள் வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையின் தேதி அக்டோபர் 15! இரவு கண்ணை மூடி, விடிந்து மண்ணுக்குப் போவதற்குள் பத்துத் தேதிகள் காணாமல் போயிருந்தன. இன்றைக்கும் அவருடைய திருநாள் அக்டோபர் 15தான்.

இது ஏதோ ஐரோப்பாக் கதை என்று ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள். நம் கடற்கரையிலும் இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னைப் பட்டணத்தை முற்றுகையிட்டார். ஜார்ஜ் கோட்டை சரணடைந்த தேதி என்ன? உள்ளே இருந்த இங்கிலீஷ்காரர்களுக்குச் செப்டம்பர் 10. வெளியே நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்குச் செப்டம்பர் 21. மதில் சுவரின் இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் வேறொன்று. அப்போது புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருஷம், மாதம் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவைத்தார். வியாபாரி அல்லவா, கணக்கில் கெட்டி!

நம் வீடுகளில் பிறந்தநாளைத் தேதி வைத்துக் கொண்டாடுவதே சமீபத்திய பழக்கம்தான். முன்பெல்லாம் பிறப்புக்கு நட்சத்திரம், இறப்புக்குத் திதி. என் அப்பா ஐப்பசி மாதம், அடைமழையில், பூச நட்சத்திரத்தில் பிறந்தார் என்று பாட்டி சொல்லுவாள். ‘கூரை ஒழுகிச்சு, முறத்தைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு மருத்துவச்சி நின்னா’ என்று சாட்சியும் வைப்பாள். ஆனால் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பிறந்த தேதி ஜூன் 1. பையனை வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னாராம் தலைமையாசிரியர். தொட்டாயிற்று, ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அந்தக் கிராமத்தில் அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். அப்பா அரசாங்க வேலையிலிருந்து மே 31ஆம் தேதி ஓய்வு பெற்றபோது, ‘காது கொஞ்சம் கீழே இருந்திருந்தா இன்னும் நாலு மாசம் சம்பளம் வந்திருக்கும்’ என்றார்.

யோசித்துப் பார்த்தால், ஷேக்ஸ்பியருக்கும் அப்பாவுக்கும் அதிக வித்தியாசமில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் பாதிரியார், மாட்ரிட்டில் பங்குக் கோயில் எழுத்தர், எங்கள் ஊரில் தலைமையாசிரியர். பேனா பிடித்தவர் எழுதிய நாள்தான் நமக்குத் தெரிகிற நாள். 

பாரதியாரையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1921 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு, திருவல்லிக்கேணி வீடு. நள்ளிரவு தாண்டிச் சுமார் ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. கடிகாரத்தைக் கேட்டால் 12ஆம் தேதி. விடியலில் தொடங்கி விடியலில் முடிவது ஒரு நாள் என்கிற நம் கணக்கைக் கேட்டால் 11 இன்னும் முடியவில்லை. 11ஆம் தேதி மாலை போடுகிறவர்களும் 12 என்று வாதாடுகிறவர்களும், ஆளுக்கொரு கடிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். சண்டை வேண்டாம்.

ஏப்ரல் 23க்கு ஐயமில்லாத சொந்தக்காரர்களும் உண்டு. இயற்பியலில் குவாண்டம் கொள்கைக்கு வித்திட்ட மாக்ஸ் பிளாங்க் 1858இல் இதே தேதியில் பிறந்தார். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1992இல் இதே தேதியில் கொல்கத்தாவில் காலமானார். அதற்குச் சில வாரம் முன்புதான் வாழ்நாள் சாதனைக்கான ஆஸ்கார் விருது, மருத்துவமனைக் கட்டிலைத் தேடி வந்திருந்தது.

ராயின் பெயர் புத்தக நாளில் வருவது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. சினிமாவுக்கு வருமுன் அவர் புத்தகங்களுக்கு அட்டை வரைந்தவர். சிக்னெட் பிரஸ் என்ற கல்கத்தாப் பதிப்பகம், விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது, அதற்குப் படம் வரையும் வேலை அவருக்கு வந்தது. அந்தக் கதையின் அபுவும் துர்க்காவும் அவருக்கு முதலில் காகிதத்தில்தான் அறிமுகம். 1955இல் அவர்கள் திரைக்கு வந்தார்கள். கையில் பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றபோதெல்லாம் அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது. ஒரு சிறுவர் புத்தகத்துக்கு நாலு கோட்டுப்படம் போடப்போய் இவ்வளவும்.

கடைசியாக ஒருவர். 1938 ஏப்ரல் 23 அன்று ஆந்திரத்தின் குண்டூர்ச் சீமையில் பிறந்து, தமிழ்ப் பாட்டுக்காரராகவே நாம் சொந்தம் கொண்டாடுகிற எஸ். ஜானகி. 1957இல் ‘விதியின் விளையாட்டு’ படத்தில் தமிழில் முதன்முதலாகப் பாடினார். ஐந்து வருஷம் கழித்து ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடினார். நாகஸ்வரம் எங்கே நிற்கிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடுவதில்லை. இசைத்தட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ‘போதும்’ என்று கையும் காட்டுகிறார்கள். நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் பாட்டைக் கேளுங்கள்.