வேதாளமும் அம்மம்மாவும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குழந்தைகளுக்குப் பேய்க்கதை சொல்லலாகாது, அவர்கள் அஞ்சுவர் என்று பெரியோர் சிலர் கூறுகின்றனர். 2009இல் எனக்கு ஆறு வயது. புதுக்குடியிருப்பில் ஒரு பங்கருக்குள், ஷெல் சத்தத்தில் நடுங்கிய எனக்கு அம்மம்மா வேதாளக் கதை சொன்னார். வேதாளம் முருங்கை மரத்தில் ஏறும்போதெல்லாம் அஞ்சினேன். ஆயினும் விக்கிரமாதித்தன் மீண்டும் போய் அதனைத் தோளிற் சுமந்து வருவான் என்பதை அறிந்திருந்தேன். வெளியே இருந்த அச்சத்துக்கு முடிவு தெரியவில்லை. கதையின் அச்சத்துக்கோ முடிவு இருந்தது, அம்மம்மாவின் மடியும் இருந்தது.

அந்த வேதாளத்துக்கு என் மனமே உருவம் கொடுத்தது. திரைப்படத்திலோ பிறர் வகுத்த உருவத்தையே காண்கிறோம். எனினும் அதனை முற்றாக இகழ்வதற்கில்லை. 1947இல் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியுமே 1951இல் பாதாள பைரவியையும் 1957இல் மாயாபஜாரையும் தயாரித்தனர். முன்னதில் மந்திரவாதியாக வந்து அச்சுறுத்திய எஸ். வி. ரங்காராவ், பின்னதில் கடோற்கசனாகிக் கலியாண விருந்தை விழுங்கியபோது எங்கள் வீட்டுச் சிறுவர் கைகொட்டிச் சிரித்தனர். வியாச பாரதத்தில் இல்லாத அக்கதை, அரக்கனையும் நேசிக்க வைத்தது.

இன்று நம் குழந்தைகள் கைத்தொலைபேசியிற் பேய்ப்படங்களைத் தனியே பார்க்கின்றனர். அங்கே அச்சம் உண்டு. அணைக்கும் மடி இல்லை. ஆதலின் பெரியோர்களே, கதையை நிறுத்தாதீர்கள், அருகிருத்திச் சொல்லுங்கள். இளைஞர்களே, அறநெறி வகுப்பு முடிந்ததும் நாளொரு கதை சொல்வோம். கதை முடியும்வரை குழந்தையின் கையை விடாதிருப்போம்.