மரபணுவுக்கு முறை தெரியாது



பட்டிமன்றம் தொடங்குமுன் கொஞ்ச நேரம் மரபணுவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் வீடுகளில் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பேச முடியாது.

பிள்ளைக்கு உடம்பில் பிறவிக் கோளாறு என்று, நாம் குடியேறிய இந்த நாட்டில் மருத்துவரிடம் போனால், "நீங்கள் இருவரும் உறவா?" என்று கேட்பார்கள். நம்மவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு கணவர் "இல்லை" என்பார். ஏமாற்றும் எண்ணமில்லை. தாய்மாமன் மகளைக் கட்டியதைக் கேட்டால் இவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்தியா முழுமைக்கும் அது 11தான். ஆனால் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்பது வம்புக்காக அல்ல.

நம் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கே 1955இல்தான் சரியானது. அதுவரை 48 என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்வீடனின் லுண்ட் நகர ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து சரியாக எண்ணியவர் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ. அந்த 46இல் 23 அப்பா தந்தது, 23 அம்மா தந்தது. ஆகவே பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒரு பழுதைச் சுமப்பவரைத்தான் 'கேரியர்' என்கிறார்கள். அவர் நோயாளி அல்ல. நூறு வயது வரை தெரியாமலே வாழ்ந்து போகலாம். இப்படிச் சில பழுதுகள் இல்லாத மனிதர் இந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை, நம் சங்கத் தலைவர் உட்பட.

கணவன், மனைவி இருவரும் ஒரே மரபணுவின் பழுதைச் சுமக்கும்போதுதான் சிக்கல். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் அல்லவா? அப்பாவிடம் ஒரு வெள்ளைப்பூப் பொட்டலம், ஒரு சிவப்புப்பூப் பொட்டலம், அம்மாவிடமும் அப்படியே. குழந்தை இருவரிடமும் ஒவ்வொன்றை எடுக்கிறது. இரண்டும் சிவப்பாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. அப்போதுதான் நோய். "மூத்தவனுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பித்துவிடும்" என்று ஆறுதல் சொல்லும் அத்தைகள் உண்டு. அப்படிக் கணக்கு இல்லை. ஒவ்வொரு கருவுக்கும் பொட்டலங்களைப் புதிதாகக் குலுக்கிப் போடுகிறார்கள்.

மனிதரில் இந்த விதியை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கறுப்புக் கறை. சில குழந்தைகளின் துணியில் பட்ட சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுத்துப் போகும். ஆல்காப்டோன்யூரியா என்று பெயர். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு கேரட் இந்தக் குடும்பங்களை விசாரித்தபோது, பெற்றோரில் பலர் நெருங்கிய உறவுக்குள் மணந்தவர்கள் என்று தெரிந்தது. பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்ட மரபுக் கணக்குக்கு இது அப்படியே பொருந்துகிறது என்று எடுத்துச் சொன்னவர் உயிரியலாளர் வில்லியம் பேட்சன். கேரட் 1902இல் அதை வெளியிட்டார். மெண்டல் எழுதி 36 ஆண்டுகள் கழித்து! பின்னாளில் நம் நரிக்குறவர் சமூகத்தில் இதே நோய் மிகுதியாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்களிடம் இருப்பது ஒரே வகை மரபணு மாற்றம். என்றைக்கோ ஒரு மூதாதையரிடம் இருந்த ஒரு பழுது, வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது.

இப்போது நம் முறைக்கு வருவோம். சித்தப்பா மகளைக் கட்டுவதா என்று காதைப் பொத்திக்கொள்கிறோம், அவள் தங்கை. மாமன் மகள் என்றால் உரிமைப்பெண். இந்தப் பாகுபாடு மரபணுவுக்குத் தெரியாது. சித்தப்பா மகளோடும் மாமன் மகளோடும் நமக்குப் பொதுவாக இருப்பது சராசரியாக மரபணுக்களில் எட்டில் ஒரு பங்குதான். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் கோளாறோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று அளவில் இருக்கிறது. அத்தை மகனைக் கட்டினால் அதோடு இரண்டு, மூன்று கூடும். இரட்டிப்பு என்று சொல்லிப் பயமுறுத்தலாம். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டுவதில் ஆபத்து இதைவிடக் கூடுதல். அதை நாம் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

"நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லையே" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. மரபியல் ஆய்வாளர்கள் டேவிட் ரைக், ஹைதராபாத் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரின் குழு 2017இல் தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை. உதாரணமாக, அவற்றில் ஒன்றான வைசியச் சமூகத்தினரிடையே ஓர் என்சைம் குறைபாடு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்த ஸ்கோலின் ஊசி போடுவார்கள். மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளிந்துவிடும் மருந்து, இந்தக் குறைபாடு உள்ளவரை மணிக்கணக்கில் மூச்சுவிட முடியாமல் செய்துவிடும். லட்சக்கணக்கான பேர் கொண்ட சாதி என்பதால் உள்ளே எல்லோரும் அந்நியர் என்று நினைத்துவிடாதீர்கள். திருமண இணையதளத்தில் சாதி, உட்பிரிவு என்று சலித்துக்கொண்டே போகிறவர்கள், தெரியாமலே தூரத்துப் பங்காளியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சாதிக்குள்ளேயே மணக்கும் இந்த அகமணமும் ஆதியிலிருந்து வந்ததல்ல. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்திய மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அதற்குப் பிறகே கதவடைத்தார்கள் என்கிறது 2013இல் வந்த ஆய்வு. எனவே பிள்ளை வேற்று இனத்துப் பெண்ணை அழைத்து வந்தால் குலம் கெட்டது என்று புலம்பாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பழைய பழுதுகள் ஜோடி சேரும் வாய்ப்பு குறைகிறது. அந்த மட்டில் லாபம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு நோய் என்றால் "அவள் வீட்டு வகை" என்று மருமகளைக் குத்துவது நம் பழக்கம். நான் சொன்ன வகை நோய்களில் இரு பக்கமும் சமபங்கு. பெண்ணாகப் பிறந்ததே குறை என்பவர்களுக்கு: ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அப்பா தரும் குரோமோசோம்.

சரி, இதற்கு என்ன வழி? சைப்ரஸ் தீவில் ஏழில் ஒருவர், தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் கேரியர். திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று தேவாலயமே கேட்கத் தொடங்கியது. புதிதாகத் தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் அங்கே அநேகமாக இல்லை என்றாகிவிட்டது. கல்யாணம் பேசும் வீடுகளில் நாமும் அந்த ஒரு பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியும் ரத்தசோகை தீராதவர்கள் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு அது தலசீமியா கேரியர் நிலையாக இருக்கும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மூன்று தலைமுறைக்கு யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் குழந்தை எந்த வயதில், எதனால் தவறியது, "மறைத்துவைத்த" சித்தப்பாவுக்கு உண்மையில் என்ன நோய் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை உங்கள் குடும்ப மருத்துவரின் கோப்பில் சேருங்கள்.