சோப்பு நாடகத்தில் 54 ஆண்டுகள்
(தொழிலாளர் வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாலையில் வீட்டுப் பெண்கள் டெலிவிஷன் தொடர் பார்த்தால் நம்மில் பலர் கேலி செய்கிறோம். அதில் நடிப்பவர்களை வேலையற்றவர்கள் என்று ஏசுகிறோம். இந்தத் தொடர்கள் எங்கிருந்து வந்தன, அவற்றில் உழைப்பவர்களின் நிலைமை என்ன? ஒரே ஒரு நடிகையின் வாழ்க்கையைச் சொன்னால் போதும், விளங்கிவிடும்.

அவர் பெயர் ஹெலன் வாக்னர். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் 1918-ல் பிறந்தவர். 'ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' என்ற தொடரில் நான்சி ஹியூஸ் என்ற குடும்பத் தலைவியாக நடித்தார். 1956 ஏப்ரல் 2-ந் தேதி அந்தத் தொடர் ஆரம்பமாயிற்று. அதன் முதல் வசனமே அவருடையதுதான்: கணவனுக்குச் சொல்லும் காலை வணக்கம். அன்று தொடங்கியவர், இடையில் சில காலம் நீங்கலாக, 2010 வரை அதே பாத்திரத்தில் நடித்தார். 18 வயதில் மில்லுக்குள் நுழைந்து 58-ல் வெளியே வருகிறவருக்குக்கூட 40 வருஷ சர்வீஸ்தானே!

இப்படிப்பட்ட தொடர்களுக்கு அங்கே 'சோப்பு நாடகம்' என்று பெயர். ஏன் அப்படி? 1930-க்குப் பிறகு ரேடியோவில் பகல் நேரத் தொடர்கதைகள் வந்தன. துணி துவைத்துக் கொண்டும் சமைத்துக் கொண்டும் பெண்கள் கேட்டார்கள். அதற்குப் பணம் போட்டவர்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள். 1933-ல் புராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனி 'மா பெர்க்கின்ஸ்' என்ற தொடரை வைத்து 'ஆக்சிடால்' சலவைத் தூளை விற்றது. இன்று நம் ஊரில் ஏரியல், டைடு விற்பதும் அதே கம்பெனிதான். ஹெலன் வாக்னர் நடித்த தொடரைத் தயாரித்ததும் அதுவே. கதை முக்கியமான கட்டத்தில் நிற்கும். உடனே சோப்பு வந்துவிடும்!

அந்த வேலை எப்படிப்பட்டது? சுமார் 20 ஆண்டுகள் அந்தத் தொடர் படம் பிடித்து வைத்துக் காட்டப்படவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் அரை மணி நேரம், நடிக்க நடிக்க நேரடியாக ஒளிபரப்பானது. தறியில் இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போடலாம். அங்கே வசனம் மறந்தால் நிறுத்த முடியாது; நாடே பார்த்துவிடும். 1963 நவம்பர் 22-ந் தேதி அவர் நடித்துக் கொண்டிருந்தபோதுதான், ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட செய்தி குறுக்கே வந்தது.

வேலைக்கு உத்தரவாதம் உண்டா? ஒப்பந்தம் 13 வாரக் கணக்கு. கெடு முடிந்ததும் கம்பெனி விரும்பினால் நடிகரை அனுப்பிவிடலாம். நடிகர் விரும்பினால் போக முடியாது. நம் பதிலித் தொழிலாளியின் கதைதான்! ஹெலன் வாக்னரையே முதல் வருஷத்திலேயே வெளியே அனுப்பினார்கள். பிறகு திரும்ப அழைத்துக் கொண்டார்கள்.

வயது ஏற ஏற, கதை இளம் காதலர்களிடம் போயிற்று. காபி ஊற்றும் பாட்டியாக அவர் ஓரத்துக்குப் போனார். ஆனாலும் ஜனங்கள் அவரை விடவில்லை. கணவராக நடித்தவர் 1986-ல் இறந்தார். கதையிலும் நான்சி விதவையானாள். பார்த்தவர்கள் தங்கள் வீட்டுத் துக்கமாகவே அதை எண்ணினார்கள். 2004-ல் வாழ்நாள் சாதனைக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது.

முடிவு எப்படி வந்தது? பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போனார்கள். பகலில் பார்க்கிற கூட்டம் குறைந்தது. சேனல்களும் பெருகின. தொடரை நிறுத்தப் போவதாக 2009 டிசம்பரில் அறிவித்தார்கள். 2010 மே 1-ந் தேதி, 91-ம் வயதில் ஹெலன் வாக்னர் காலமானார். செப்டம்பர் 17-ந் தேதி தொடரும் முடிந்தது. 13,800-க்கு மேற்பட்ட நாட்கள் ஓடிய நாடகம்! சோப்பு விற்க அது தேவைப்படவில்லை, மூடிவிட்டார்கள்.

தோழர்களே! இன்று மாலை உங்கள் வீட்டிலும் தொடர் ஓடும். கேலி செய்யாதீர்கள், கூட உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கேள்விகளை மட்டும் வீட்டாரோடு சேர்ந்து கேளுங்கள்: நடுவில் வரும் விளம்பரம் யாருடையது? திரையில் அழுகிற அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் வேலை உண்டா?