படகு மோட்டாருக்கு ஏற்ற எண்ணெய்



படகின் பின்புறத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார்களுள் இரண்டு-ஸ்ட்ரோக் வகைக்கு உகந்த எண்ணெய் யாது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

காரின் எஞ்சினில் எண்ணெய் தனிக்கலத்தில் தங்கி, மீண்டும் மீண்டும் சுற்றிவந்து உறுப்புகள் தேயாமல் காக்கிறது. இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினிலோ அது பெட்ரோலுடன் கலந்து உட்சென்று, தன் பணியை முடித்தபின் அதனுடனேயே எரிந்துவிடுகிறது. ஆதலின், வழவழப்பு மட்டும் போதாது. எரிந்தபின் சாம்பல் தங்காமலும் இருத்தல் வேண்டும்.

“ஸ்கூட்டர் எண்ணெயை ஊற்றலாகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது என்பேன். ஸ்கூட்டரைக் குளிர்விப்பது காற்று. அதன் மிகுந்த வெப்பத்தைக் கருதி, அவ்வகை எண்ணெய்கள் பலவற்றில் உலோகம் கலந்த சேர்க்கைப் பொருள்களை இடுகின்றனர். படகு மோட்டாரைக் குளிர்விப்பது நீர். அச்சேர்க்கைகள் இங்கே சாம்பலாகி, பிஸ்டனிலும் ஸ்பார்க் பிளக்கிலும் படிந்து கேடு செய்யும்.

ஆகவே, டப்பாவின்மேல் ‘டி.சி-டபிள்யூ3’ என்னும் குறி உளதா என்று பாருங்கள். நீரால் குளிரும் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குரிய, சாம்பல் தராத எண்ணெயை அது குறிக்கும்.

கலக்கும் அளவுக்கு மோட்டாரின் கையேடே பிரமாணம். 50-க்கு 1 என்றிருப்பின், 25 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் எண்ணெய். குறைந்தால் பிஸ்டன் இறுகி நிற்கும். மிகுந்தால் புகையும் கரியும் பெருகும்.

சாலையில் நின்ற வண்டியை ஓரமாகத் தள்ளலாம். நடுக்கடலில் மோட்டார் நின்றாலோ, படகிலுள்ளோர் உயிர் காற்றின் கையிலும் அலையின் கையிலும் அன்றோ இருக்கும்? எண்ணெய் வாங்கும்போதே இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.