இடியா, ஏற்பாடா?

2019 ஆகஸ்ட் 9-ந் தேதி மாலை இங்கிலாந்தில் ஒரு மின்கம்பித் தடத்தில் இடி விழுந்தது. உடனே ஹார்ன்சீ கடற்காற்றாலையும், லிட்டில் பார்ஃபர்டு எரிவாயு நிலையமும், பல சிறு உற்பத்திகளும் சட்டென்று கழன்றன. பாரத்தைக் கூடி இழுப்பவரில் சிலர் கைவிட்டால் மற்றவர் நடை தளருமல்லவா? அப்படியே எஞ்சிய யந்திரங்களின் வேகம் தளர்ந்து, விநாடிக்கு 50 ஆக இருக்கவேண்டிய மின் அலைவு 48.8-க்கு இறங்கிற்று. மேலும் இறங்கினால் மற்ற நிலையங்களும் கழன்று நாடே இருண்டுபோகும். ஆகவே தானியங்கிக் கருவிகள் சுமார் 11 லட்சம் வாடிக்கையாளரை அறுத்துவிட்டு மற்றவரைக் காத்தன.

இடியா குற்றவாளி? இடி விழுவது புதிதல்லவே! விசாரித்தவர்கள் கண்டது காற்றாலையின் கட்டுப்பாட்டுக் கோளாறு. கையிருப்போ 1,000 மெகாவாட், இழந்தது அதைவிட மிக அதிகம். கூட்டு வாழ்வின் லாபத்தை அனுபவிக்கிறவர்கள் கூட்டுக் காப்பையும் தேடிக்கொள்ள வேண்டாமா?