மருந்தாளுநர் பயிற்சியும் கூட்டுறவுச் சங்கங்களும்



வைத்தியர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், அவர் எழுதிய மருந்து தக்க அளவில் நோயாளியிடம் சேராவிடின் வைத்தியம் வீணாகும். இவ்விருவருக்கும் நடுவே நிற்பவர் மருந்தாளுநர். முற்காலத்தில் ஜனங்கள் அவரைக் கம்பவுண்டர் என்றழைத்தனர். மருந்தை நிறுத்து, கலந்து, சீசாவில் ஊற்றிக் கொடுப்பது அவர் தொழில். அதைப் பிறர் செய்யக் கண்டே பலரும் கற்றனர்.

1930-ல் கர்னல் சோப்ராவின் தலைமையில் நியமிக்கப்பட்ட மருந்து விசாரணைக் கமிட்டி, போலி மருந்துகளைத் தடுப்பதோடு இத்தொழிலையும் ஒழுங்குபடுத்த வேண்டுமென வற்புறுத்தியது. 1932-ல் காசி ஹிந்து ஸர்வகலாசாலையில் பேராசிரியர் மகாதேவலால் ஷ்ராஃப் மருந்தியற் கல்விக்கு அடிகோலினார். 1948-ல் மருந்தாளுநர் சட்டம் பிறந்தது. வெகுநாள் ஆஸ்பத்திரிகளில் உழைத்த கம்பவுண்டர்களின் அனுபவத்தையும் மதித்து, அச்சட்டம் அவர்களை முதற்பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள இடந்தந்தது. அதன்பின் கல்வியும் பயிற்சியும் இன்றி எவரும் இத்தொழிலில் பிரவேசித்தல் கூடாதென்பதே அதன் நோக்கம்.

இக்காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் ரசாயனமும், அவற்றுடன் உயிரியல் அல்லது கணிதமும் கற்றுத் தேறியவர் டிப்ளமா வகுப்பில் சேரலாம். இரண்டு வருஷப் படிப்புக்குப்பின் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெறவேண்டும். 2008-ல் தொடங்கிய பார்ம்.டி. என்னும் ஆறு வருஷப் படிப்பில் கடைசி வருஷம் முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே கழிகிறது.

இவ்வளவு பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். மூட்டு வாதத்துக்கு வழங்கும் மெதோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தினந்தோறும் உட்கொண்டால் அதுவே விஷமாகி உயிரைப் போக்கும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் சேமிக்க வேண்டும். அது உறைந்துபோனால் பயன்படாது. குழந்தையின் மருந்தை 5 மில்லிலிட்டர் என்று எழுதினால், வீட்டுக் கரண்டியால் அளப்பது அபாயம். இவற்றை எடுத்துச் சொல்லும் கடமை மருந்தைக் கையில் கொடுப்பவருடையது. காசநோய் மருந்துகளும் வீரியமிக்க சில கிருமிக்கொல்லிகளும் அடங்கிய ஹெச்1 அட்டவணைக்கென 2014 முதல் தனிப் பதிவேடு எழுதி, மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டுமென்பதும் விதியாயிற்று. மருந்துச் சீட்டின்றி இவற்றைக் கண்டபடி விற்றால், நாளடைவில் கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போகும்.

பாகலூர் எல்லைப்புறத்து ஊர். இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்குகின்றன. மருந்துச் சீட்டு ஹோசூரிலிருந்தும் வரும், பெங்களூரிலிருந்தும் வரும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ரோஜாத் தோட்டத்தில் உழைக்கும் மூதாட்டிக்கு, ‘சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா’ என்பதை அவளுடைய பாஷையிலேயே சொல்லி, அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். ஆதலால் இவ்வட்டாரத்தில் பயிற்சி பெறும் மாணவர் மருந்தின் பெயர்களோடு இம்மூன்று பாஷைகளிலும் பேசப் பழகுதல் மிகவும் அவசியம்.

இவ்விஷயத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பு சிறிதன்று. 2025-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தியல் பயின்ற தனிநபர்களும் அவற்றை நடத்த ஏற்பாடாயிற்று. மருந்து மலிவாகக் கிடைப்பது நன்மையே. ஆனால் பதிவு பெற்ற மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்க, வேறொருவர் மருந்து கொடுத்தால் அந்த மலிவு வெகு கிராக்கியாக முடியும்.

அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை மூன்று உண்டு. முதலாவது, பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன் வாங்குமுன், அக்கலாசாலையும் படிப்பும் இந்திய மருந்தியல் கவுன்ஸிலின் அங்கீகாரம் பெற்றவையா என்று விசாரித்தறிக. அங்கீகாரமில்லாத சான்றிதழைக்கொண்டு பதிவு பெற முடியாது. கடன் மட்டுமே மிஞ்சும். இரண்டாவது, 500 மணிப் பயிற்சியைக் கையெழுத்தோடு முடித்துவிடாமல், மாணவர் உள்ளபடியே ஆஸ்பத்திரியிலோ மருந்தகத்திலோ நின்று கற்கும்படி பெற்றோர் கவனிக்க வேண்டும். மூன்றாவது, சங்கம் நடத்தும் மருந்தகத்தில் மருந்தாளுநர் வேலை நேரமெல்லாம் இருக்கிறாரா என்பதை நிர்வாக சபையார் தவறாது பரிசீலிக்க வேண்டும்.

விதைநெல்லையும் உரத்தையும் தரம் பார்த்து வாங்கும் குடியானவர், மருந்து கொடுப்பவரின் தகுதியை விசாரிப்பதில் கூச்சப்படக் காரணமில்லை. அக்கேள்வி யாரையும் அவமதிப்பதன்று. கற்றுத் தேர்ந்தவருக்கு அதுவே மரியாதை.