சொந்தப் பட்டறை இல்லாத தச்சர்



இங்கிலாந்தில் ஒரு வகைக் கால்பந்து வீரரை ‘ஜர்னிமேன்’ என்று சொல்வார்கள். காதில் விழுந்ததும் ஊர் சுற்றுகிறவர் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சொல் நாளைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. தொழிலை முழுக்கக் கற்றுத் தேர்ந்த பிறகும் சொந்தமாகப் பட்டறை வைக்காமல், அடுத்தவர் பட்டறையில் நாள்கூலிக்கு வேலை செய்கிற தச்சரை, கொல்லரை அந்தக் காலத்தில் அப்படி அழைத்தார்கள். வேலை தெரியாதவர் என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை. கால்பந்துக்கு வந்த இடத்தில்தான் எப்படியோ ஓர் இளப்பம் அதில் ஒட்டிக்கொண்டது. எங்கேயும் நிலைக்காத ஆள் என்று. அந்த இளப்பம் நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இன்றைக்கு அப்படி ஒரு வீரரான ஸ்டீவ் கிளாரிட்ஜ் என்ற ஸ்ட்ரைக்கரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1966 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். கடற்படைக் கப்பல்கள் நிற்கும் துறைமுக ஊர். பையனாக இருந்தபோது சொந்த ஊர் கிளப்பில் பயிற்சி எடுத்தார். அங்கே இடம் நிலைக்கவில்லை. 1984இல் போர்ன்மவுத் கிளப் எடுத்துக்கொண்டது. சில ஆட்டங்கள் ஆடினார், அவ்வளவுதான். அங்கிருந்து வேமவுத் என்ற கடலோர ஊர். அந்த அணி தொழில்முறை லீகுக்கே வெளியில் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது உச்சியில் இருக்கும் பிரீமியர் லீகின் இருபது அணிகளை மட்டும். அதற்குக் கீழே இருபத்து நான்கு அணிகள் கொண்ட டிவிஷன்கள் மூன்று. ஆக மொத்தம் 92 கிளப்கள். அந்த 92க்கும் கீழே, படிப்படியாக, சின்னச் சின்ன ஊர்களின் அணிகள் நூற்றுக்கணக்கில். ஜெயித்தால் ஒரு படி ஏறலாம், தோற்றால் ஒரு படி இறங்க வேண்டும். இருபது வயதுக்குள் இந்தப் படிக்கட்டிலிருந்து தவறி விழுந்த பையன்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி ஏறுவதில்லை. கிளாரிட்ஜ் ஏறினார்.

1988இல் கிரிஸ்டல் பேலஸ் அவரை வாங்கியது. அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஆல்டர்ஷாட்டுக்கு மாறினார். ஆல்டர்ஷாட் ராணுவ முகாம் ஊர்; கிளப்புக்கோ கையில் காசில்லை. அவர் அங்கிருந்து போன பிறகு, 1992 மார்ச்சில், சீசன் பாதியில் இருக்கும்போதே அந்த கிளப் திவாலாகி லீகிலிருந்தே மறைந்துபோனது. கீழ் டிவிஷனில் ஆடுகிறவரின் வாழ்க்கை எந்த மண்ணில் நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கால் உடைந்தாலும் வேலை போகும். கால் நன்றாக இருந்து கிளப் உடைந்தாலும் வேலை போகும்.

அடுத்தது கேம்பிரிட்ஜ் யுனைடெட். மேனேஜர் ஜான் பெக். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் தலையில் வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றச் சொன்னவர். பந்தை நீளமாக மூலைக்கு அடிப்பதுதான் அவர் பாணி. அடித்த பந்து கோட்டைத் தாண்டி ஓடிவிடாமல் நிற்பதற்காக மைதானத்தின் மூலைகளில் மட்டும் புல்லை வெட்டாமல் வளர்த்தார். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்தச் சின்ன அணி அடுத்தடுத்து இரண்டு டிவிஷன் ஏறி, 1992இல் பிரீமியர் லீகின் வாசல்வரை வந்து நின்றது. கிளாரிட்ஜுக்கு அந்தப் பாணி பிடிக்கவில்லை. பந்தோடு உள்ளே வளைந்து வர விரும்புகிற ஆட்டக்காரர் அவர். மேனேஜரோடு கைகலப்புவரை போனதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்ததையும் அதே புத்தகத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். தன் பலவீனத்தைத் தானே எடுத்து வெளியில் வைத்த அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

லூட்டன் போனார், சில மாதங்களில் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். 1994இல் பர்மிங்ஹாம் சிட்டி. அங்கே ஒரே சீசனில் இருபது கோல்களைத் தொட்டார். அந்த அணியின் பழைய வீரர் ட்ரெவர் ஃப்ரான்சிஸுக்குப் பிறகு அங்கே யாரும் தொடாத எண்ணிக்கை அது. 1996 மார்ச்சில் லெஸ்டர் சிட்டி பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அவரை வாங்கியது. அப்போது அவருக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது.

அந்த மே மாதம் 27ஆம் தேதி. வெம்ப்ளி மைதானம். லெஸ்டருக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் பிளே-ஆஃப் இறுதிப் போட்டி. ஜெயிக்கிற அணிக்கு பிரீமியர் லீகில் இடம். ஆளுக்கு ஒரு கோல். கூடுதல் நேரமும் முடியப் போகிறது. பெனால்டி வரும் என்று முடிவு கட்டிய லெஸ்டர் மேனேஜர் மார்ட்டின் ஓநீல், இருப்பதிலேயே நெட்டையான கோல்கீப்பர் கலாச்சை உள்ளே அனுப்பிவிட்டார். நூற்று இருபதாவது நிமிடம். ஒரு ஃப்ரீ கிக்கிலிருந்து பந்து வருகிறது. பெனால்டி பெட்டிக்கு வெளியே நிற்கும் கிளாரிட்ஜ் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததுபோல ஓர் அடி. அவருடைய சாக்ஸ் எப்போதும் கணுக்காலில் சுருண்டு கிடக்கும். அது அவருடைய அடையாளம். பந்து பட்டது பாதத்தில் இல்லை, முழங்காலுக்குக் கீழே எலும்பில். பட்ட பந்து வளைந்து வலையின் மேல் மூலைக்குள் போய் விழுந்தது. பேலஸ் கோல்கீப்பர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. என்ன நடந்தது என்று புரிய மைதானத்துக்கே ஒரு கணம் பிடித்தது.

அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கட்டும். கால்களில் உயிரே மிச்சமில்லாத அந்த நூற்று இருபதாவது நிமிடத்திலும் பந்து வரும் இடத்தில் போய் நிற்பதற்கு அதிர்ஷ்டம் மட்டும் போதாது. அடுத்த வருடம் லீக் கோப்பை இறுதிப் போட்டி சமநிலையில் முடிந்து மறு ஆட்டத்துக்குப் போனபோது, ஷெஃபீல்டில் மிடில்ஸ்பரோவுக்கு எதிராக அன்று விழுந்த ஒரே கோலும் அவருடையதுதான். அதுவும் கூடுதல் நேரத்தில்தான். அந்தக் கோலால் லெஸ்டர் ஐரோப்பியப் போட்டிக்குப் போனது.

கதை அங்கே நின்றிருந்தால் அவரை நட்சத்திரம் என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் 1998இல் வுல்வ்ஸ். அங்கே ஒரு கோல்கூட விழவில்லை. பிறகு, சிறுவயதில் நழுவிப்போன சொந்த ஊர் போர்ட்ஸ்மவுத். கொஞ்ச காலம் அங்கே மேனேஜராகவும் இருந்துகொண்டு ஆடினார். பிறகு மில்வால். மறுபடி வேமவுத். பிரைட்டன், பிரென்ட்ஃபோர்டு, விக்கம், ஜில்லிங்ஹாம், பிராட்ஃபோர்டு, வால்சால். நடுவே 2005இல் மில்வால் அவரை மேனேஜராக நியமித்து, முப்பத்தாறு நாளில், சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே நீக்கிவிட்டது. அவர் மறுபடி பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, யாரும் வைத்துக்கொள்ளாத ஆள் என்று சொல்லிவிடலாம். நான் அதைத் திருப்பிப் படிக்கிறேன். ஒவ்வொரு கிளப்பிலும் யாரோ ஒரு மேனேஜர், தன் ஸ்ட்ரைக்கர் அடிபட்டுக் கிடக்கும்போதோ, அணி தரமிறங்கும் பயத்தில் இருக்கும்போதோ, இந்த மனிதரைக் கூப்பிட்டிருக்கிறார். புது ஊர், பெயர் தெரியாத இருபது முகங்கள். திங்கள்கிழமை வந்து சேர்ந்து சனிக்கிழமை ஆட வேண்டும். பந்தை யார் எந்தக் காலில் தருவார், யார் தாமதமாகத் தருவார், யார் தரவே மாட்டார் என்று அந்த ஐந்து நாளில் பிடிபட வேண்டும். சிறுவயதில் அகாடமியில் சேர்ந்து அதே கிளப்பில் முப்பது வயதுவரை ஆடுகிறவருக்கு இந்த வித்தை தேவைப்படுவதே இல்லை. மே மாதம் வந்தால், அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று கிளப்கள் பட்டியல் போடும். ஜூன் முடிந்தால் ஒப்பந்தம் முடிந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, எல்லாம் அந்தத் தாளில் தொங்கும். 92 கிளப்களில் ஆடுகிறவர்களில் பெரும்பகுதி இப்படி வாழ்கிறவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் சனிக்கிழமை மதியம் அந்த மைதானங்களில் ஆட்டமே கிடையாது.

2006 டிசம்பர் 9. கிளாரிட்ஜின் கணக்கில் 999 ஆட்டங்கள் இருந்தன. ஆயிரமாவது ஆட்டத்தை ஆட வைக்க முன்வந்தது, இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவர் தொடங்கிய அதே போர்ன்மவுத். நாற்பது வயதில் மைதானத்தில் இறங்கினார். எதிரணி போர்ட் வேல் நான்கு கோல் அடித்தது. போர்ன்மவுத் ஒன்றும் அடிக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 2011இல், கோஸ்போர்ட் பரோ என்ற சிறிய கிளப் அவரைக் கூப்பிட்டது. போர்ட்ஸ்மவுத்திலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு அந்தக் கரை; படகில் ஏறினால் சில நிமிடம். நாற்பத்தைந்து வயதில் அவர் ஆடப் போனார்.